பட்டை உரித்த தழும்பு

1993 ஆகஸ்ட் 9. கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவு. கிளாக்வாட் சவுண்ட் காட்டுக்குள் போகிற சாலையில், கென்னடி ஆற்றுப் பாலத்துப் பக்கம், விடிவதற்கு முன்பே ஆட்கள் கூடிவிட்டார்கள். மரம் வெட்டப் போகிறவர்களுக்கு வழிவிடக் கூடாது, அவ்வளவுதான் திட்டம். அன்று ஒரே நாளில் 300க்கும் அதிகமானோர் கைதானார்கள். அந்தக் கோடையில் மட்டும் ஏறத்தாழ 12,000 பேர் அங்கே வந்துபோனதாகச் சொல்வார்கள். 850க்கும் மேற்பட்டோரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதில் மாணவர்களும் இருந்தார்கள், பாட்டிமார்களும் இருந்தார்கள்.

வடக்கத்திக் காடுகளைக் காப்பாற்றிய கதை என்று யார் பேசினாலும் இந்தக் காட்சிதான் முதலில் வரும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, ஒன்பது வருடம் முன்னால், அதே வட்டாரத்தில், சின்ன ஒரு கூட்டம் செய்த காரியம்.

அதற்கு முன் அந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குளிரும் மழையும் ஓயாத இடம். ஆயிரம் வயதைத் தாண்டிய செடார் மரங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே மார்பிள்ட் மர்லெட் என்றொரு கடற்பறவை உண்டு. கடலில் மீன் பிடித்துத் தின்னும். முட்டையிட மட்டும் உள்காட்டுக்குப் பறந்து வரும். கூடெல்லாம் கட்டாது. கிழட்டு மரத்தின் தடித்த கிளையில் மெத்தை மாதிரிப் படர்ந்த பாசியில் ஒரே ஒரு முட்டை. இது எங்கேதான் முட்டையிடுகிறது என்பது அறிவியலாளர்களுக்கு ரொம்ப நாள் புதிர். வட அமெரிக்காவில் முதல் கூடு பதிவானது 1974இல், கலிபோர்னியாவில், மரம் ஏறிய ஒரு தொழிலாளியின் கண்ணில் பட்டு. இளமரங்களில் அந்தப் பாசி மெத்தை கிடையாது. பழங்காட்டை மொட்டையடித்தால் பறவைக்கும் இடமில்லை.

இனி 1984. டோஃபினோ என்ற சிற்றூருக்கு எதிரே மீயர்ஸ் தீவு. 18ஆம் நூற்றாண்டில் கடல் நீர்நாய்த் தோலுக்காக அந்தக் கரைக்கு வந்த பிரிட்டிஷ் வியாபாரி ஜான் மீயர்ஸின் பெயர். தோல் வியாபாரம் முற்றி, கனடாவின் அந்தக் கரையில் நீர்நாயே இல்லாமல் போனது. பிறகு அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். தோலுக்கு அடுத்து மரம். தீவை வெட்ட மாக்மில்லன் புளோடெல் கம்பெனி தயாரானது.

தீவு ட்லாஓக்வியாட் மக்களின் பூர்வீக நிலம். அந்த ஆண்டு ஏப்ரலில் அதைத் தங்கள் இனப் பூங்கா என்று அவர்களே அறிவித்தார்கள். நவம்பரில் கம்பெனி ஆட்கள் படகில் வந்து இறங்கியபோது, தலைவர் மோசஸ் மார்ட்டின் கரையில் நின்றார். விருந்தாளியாக வருவதென்றால் தாராளமாக வாருங்கள், மிஷின் ரம்பங்களைப் படகிலேயே வைத்துவிடுங்கள், இது எங்கள் தோட்டம் என்ற பொருளில் பேசி அனுப்பிவைத்தார்.

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. அந்த நிலத்தை எழுதிக்கொடுத்து அவர்கள் எந்த ஒப்பந்தமும் போட்டதில்லை. ஆனால் காட்டில் வாழ்ந்தோம் என்பதற்கு என்ன அத்தாட்சி? பத்திரமா, பட்டாவா? மரங்களையே சாட்சிக்கு அழைத்தார்கள். செடார் பட்டையை நீளவாக்கில் உரித்துக் கூடை, பாய், கயிறு, உடை என்று செய்வது அவர்கள் வழக்கம். அளவாக உரித்தால் மரம் சாகாது. தழும்போடு வளர்ந்துகொண்டே போகும். தழும்பின் ஓரத்து வளையங்களை எண்ணினால், எந்த வருடம் உரித்தார்கள் என்பதும் தெரியும். தீவெங்கும் இப்படித் தழும்பேறிய மரங்கள். 1985 மார்ச்சில் பிரிட்டிஷ் கொலம்பியா மேல்முறையீட்டு நீதிமன்றம், நில உரிமை வழக்கு முடியும்வரை மரம் வெட்டத் தடையாணை போட்டது. வழக்கு இன்னும் தீர்ப்பைப் பார்க்கவில்லை. மரங்கள் நிற்கின்றன.

அப்படியென்றால் 1993இல் எதற்குக் கூட்டம்? தடையாணை அந்த ஒரு தீவுக்குத்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் மாகாண அரசு, கிளாக்வாட் காட்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் காப்பாற்றிவிட்டு, மிச்சத்தில் பெரும்பகுதியை வெட்ட அனுமதித்தது. மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். இம்முறை தடையாணை வாங்கியது கம்பெனி. கைதானவர்கள் மேல் வந்தது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு. ஒரே சட்ட ஆயுதம்: முதல் தடவை மரத்தின் பக்கம், இரண்டாம் தடவை ரம்பத்தின் பக்கம். வித்தியாசம், இது யாருடைய நிலம் என்ற கேள்வியை யார் எழுப்பினார்கள் என்பதில்தான்.

கூட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. அது நேரம் வாங்கிக்கொடுத்தது. உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது. அந்த மரத்தில் செய்த காகிதத்தை வாங்குகிறவர்கள் சங்கடப்பட ஆரம்பித்தார்கள். அந்த நெருக்கடியில்தான் 1994இல் பூர்வகுடிகளுக்கு நில முடிவுகளில் பங்கு கொடுக்கும் இடைக்கால ஒப்பந்தம் வந்தது. அறிவியலாளர்களோடு அவர்களின் பெரியவர்களும் உட்கார்ந்த குழு 1995இல் தந்த பரிந்துரைகளை அரசு ஏற்றது. கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் அதே கரையில்தான் இருந்தன. வெளியூர்க் கூட்டம் கோடை முடிந்ததும் கிளம்பிவிடும். வேலை போனவர் எங்கே கிளம்புவார்?

இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2020இல் அதே வான்கூவர் தீவின் தெற்கே ஃபேரி கிரீக்கில் மறியல் தொடங்கியது. கைதானவர்கள் 1,100ஐத் தாண்டினார்கள், கிளாக்வாட்டைவிட அதிகம். அந்த நிலத்துக்குரிய பசீடாட் மக்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை, போராட்டக்காரர்களைக் கிளம்பச் சொன்னது. அதே இனத்துப் பெரியவர் ஒருவர் போராட்டக்காரர்களோடு நின்றார். காட்டை நேசிப்பவர், காட்டுக்கு உரியவர், காட்டை விற்பவர் என்று மூன்று கோடு போட்டு எல்லாரையும் பிரித்து நிறுத்த முடியாது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே மூன்றும் இருக்கலாம்.

2024 ஜூனில், ட்லாஓக்வியாட், அஹௌசாட் மக்களோடு சேர்ந்து, கிளாக்வாட்டில் சுமார் 76,000 ஹெக்டேரை மாகாண அரசு பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. மீயர்ஸ் தீவின் காடும் அதில் அடக்கம். மோசஸ் மார்ட்டின் கரையில் நின்று 40 வருடம். மனிதக் கணக்கில் அது ஒரு தலைமுறைக்கு மேல். பறவையின் கணக்கு வேறு. 1984இல் வேறெங்கோ மொட்டையடித்து, நாற்று நட்டு, இன்று பச்சையாகத் தெரிகிற காட்டுக்குள் மர்லெட் நுழைந்தால், முட்டை வைக்கத் தோதான ஒரு கிளைகூட இன்னும் இருக்காது.