தனியாள்முறைக் கற்றல் (கெடா தோட்டத் தமிழ்ப்பள்ளிகள்)

ஒவ்வொரு மாணவரின் அடைவையும் வேகத்தையும் ஒட்டிப் பாடத்தை அமைக்கும் முறை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் போக, மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டப் பள்ளிகள் சிறுத்தன. 150 பேருக்கும் குறைவான பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது. கவலைக்குரிய இந்நிலை, கற்பித்தலில் அரிய வாய்ப்பும் ஆகும். கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறும் பிள்ளையின் அருகில் அமர்ந்து, ஆசிரியர் பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டலாம். விரைந்து முடித்தவருக்குக் கடினமான கணக்கைத் தரலாம். 1983இல் நாடெங்கும் தொடங்கிய கேபிஎஸ்ஆர் என்னும் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமே குறைநீக்கலையும் வளப்படுத்தலையும் வலியுறுத்தியது. தொடக்கப்பள்ளி இறுதியில் நடந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின், மாணவரை 1 முதல் 6 வரையான அடைவுநிலைகளில் பதியும் வகுப்பறை மதிப்பீடு தனியாள்முறைக் கற்றலுக்குத் துணை. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கே இம்முறையின் பயன் மிகுதி.