மூக்கறுப்புப் போரும் தாடை இம்ப்ளாண்டும்

யாராவது அவமானப்பட்டு வந்தால் "மூக்கறுபட்டு நிக்கிறான்" என்று சொல்கிறோம். நத்தம், திண்டுக்கல் பக்கம் அது ஒரு காலத்தில் வெறும் பேச்சு வழக்கு இல்லை. 1656 வாக்கில் மைசூர் கந்தீரவ நரசராஜனின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் இறங்கியது. அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்தார்கள். முதுமையிலும் நோயிலும் இருந்த திருமலை நாயக்கர் சேதுபதியைத் துணைக்கு அழைத்தார். மைசூர்ப் படை திண்டுக்கல் பக்கம் பின்வாங்கியது. பிறகு நாயக்கர் படை மைசூருக்குள் போய் அதே வேலையைச் செய்தது.

சரி, அறுபட்டவங்க அப்புறம் என்ன செஞ்சாங்க?

அப்படி ஒருத்தரின் கதை விரிவாகக் கிடைப்பது திப்பு காலத்தில். ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி 1792-ல் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். (அந்தப் போரின் முடிவில்தான் திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போனது.) ஏறக்குறைய ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்கு, புனே பக்கம் செங்கல் சூளைக்காரர் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து அளவெடுத்து, தோலை அறுத்துக் கீழே திருப்பி ஒட்டினார். புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டார். ரத்தம் அதன் வழியாக வந்தது. ஒட்டியது உயிர் பிடித்த பிறகே, சுமார் 25-ஆம் நாளில், காம்பை வெட்டினார். 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்த இந்தச் செய்தியைப் படித்த கார்ப்யூ என்ற மருத்துவர், 1814-ல் அங்கே அதே முறையைச் செய்தார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் காம்புதான். இன்று அழகுக்காகத் தாடையிலும் மோவாயிலும் வைக்கும் இம்ப்ளாண்டுக்குக் காம்பு கிடையாது. பெரும்பாலும் சிலிக்கான், அல்லது நுண்துளை பாலிஎத்திலீன். வாய்க்குள் ஈறோரமோ மோவாய்க்கு அடியிலோ கீறி, எலும்பின் மேல் வைக்கிறார்கள். அதற்கு ரத்த ஓட்டம் இல்லை. அதனால் கிருமி புகுந்தால் மருந்து மட்டும் போதாமல், பல நேரம் எடுத்தே ஆக வேண்டியிருக்கும். சிலிக்கானை எடுப்பது ஓரளவு சுலபம். துளைகளுக்குள் சதை வளர்ந்துவிட்ட பாலிஎத்திலீனை எடுப்பது கஷ்டம். எங்க தொழிலில் சொல்வதானால், ரோல்பேக் பண்ண முடியுமான்னு முதல்லயே கேட்டுடணும்.

முதல் ஒன்றிரண்டு வாரம் முகம் நன்றாக வீங்கும். உண்மையான வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும். கீழுதடும் மோவாயும் மரத்துப் போகலாம். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். இம்ப்ளாண்ட் நகரலாம், அழுத்தத்தில் அடியிலுள்ள எலும்பு கொஞ்சம் கரையலாம்.

இன்னொன்று: இது வெளிக்கோட்டை மட்டும்தான் மாற்றும். மேல்பல்லும் கீழ்பல்லும் பொருந்தாதவர்களுக்கு வேண்டியது எலும்பையே வெட்டி நகர்த்தும் வேறொரு அறுவை சிகிச்சை.