தப்பியவளை என்ன செய்வது?

1981இல் வந்த 'ஃப்ரைடே தி 13த்' இரண்டாம் பாகத்தில், முதல் படத்தில் உயிர்பிழைத்த ஆலிஸ் டைட்டில் ஓடுவதற்கு முன்பே கொல்லப்படுகிறாள். முகமூடிக் கொலைகாரப் படங்களின் கணக்கு அன்று எளிமையானது. பாகத்துக்குப் பாகம் திரும்பி வர வேண்டியவன் கொலைகாரன்தான். தப்பித்தவள் யாராயிருந்தால் என்ன?

'ஹாலோவீன்' லாரி ஸ்ட்ரோடும் இதே கணக்கில்தான் சிக்கினாள். 1978இல் ஜான் கார்ப்பென்டர் சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம் அது. கடையில் வாங்கிய கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளையடித்து கொலைகாரன் மைக்கேல் மயர்ஸுக்கு மாட்டினார்கள். அவன் ஏன் கொல்கிறான் என்பதற்குக் காரணமே சொல்லவில்லை. பயமே அங்கேதான் இருந்தது. 1981இன் இரண்டாம் பாகம் லாரியை அவன் தங்கை ஆக்கியது. காரணம் கிடைத்தது, பயம் பாதியானது. திரைக்கதை எழுதிய கார்ப்பென்டரே பின்னாளில் அதை நொந்துகொண்டார்.

பிறகு நடந்ததெல்லாம் கூத்து. 1988இன் நான்காம் பாகத்தில் லாரி விபத்தில் இறந்துவிட்டதாகச் சொல்லி முடித்தார்கள். 1998இல் பெயரை மாற்றிக்கொண்டு, குடிப்பழக்கத்தோடு போராடும் பள்ளித் தலைமையாசிரியையாக மீண்டு வந்து மைக்கேலின் தலையையே வெட்டினாள். 2002இல், வெட்டுப்பட்டது வேறொருவன் தலை என்று சொல்லி, படத்தின் தொடக்கத்திலேயே அவளைக் கொன்றார்கள்.

இயக்குநர் டேவிட் கார்டன் கிரீன் 2018இன் 'ஹாலோவீன்' படத்தில் செய்த புத்திசாலித்தனம், முதல் படத்தைத் தவிர மற்ற அனைத்தையும் நடக்காததாக்கியது. அண்ணன் உறவு ஊர்வதந்தியாகச் சுருங்கியது. நாற்பது ஆண்டுகளாக அந்த ஒரே இரவில் வாழும் லாரி வீட்டைக் கோட்டையாக்கித் துப்பாக்கிகளோடு காத்திருக்கிறாள். மகள் கேரனுக்கும் சுடக் கற்றுக்கொடுத்து வளர்த்ததால், 12 வயதில் அரசு அவளைப் பிரித்துக் கொண்டுபோனது. அந்தக் கசப்பைச் சுமந்த கேரன்தான் கடைசியில் பயந்து அலறுவதுபோல் நடித்து, குரலை மாற்றி மைக்கேலைச் சுடுகிறாள். படத்தின் ஆகச் சிறந்த நொடி அது. 1 கோடி டாலரில் எடுத்த படம் 25 கோடிக்கு மேல் வசூலித்தது.

2021இன் 'ஹாலோவீன் கில்ஸ்' லாரியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு ஊர்க் கும்பலைக் கையிலெடுத்தது. மைக்கேல் என்று நினைத்து அவர்கள் துரத்திய அப்பாவி மாடியிலிருந்து குதித்துச் சாகிறான். கொலைகாரனைவிட ஊரே பயங்கரம் என்ற நல்ல யோசனை, கோஷங்களின் இரைச்சலில் அடிபட்டுப் போயிற்று. அத்தனை கவனமாக வார்த்த கேரனையும் கடைசிக் காட்சியில் மைக்கேலின் கத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.