தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் வேர்தேடல்

பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தம் குடும்ப வரலாற்றைத் தேடி வருகின்றனர். இத்தேடல் தோட்டத் துரைமாரின் குடும்பத்துக்கு எளிதாகவும், தொழிலாளர் குடும்பத்துக்குக் கடினமாகவும் அமைகிறது. எண்ணூரில் நான் ஆசிரியராக இருந்தபோது, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் சொந்த ஊரைக் கேட்டால் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஊர் அவர்கள் வீட்டிலும் தெரியாது. அந்த ஊரைக் கண்டறியும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இலங்கை மலைநாட்டில் முதலில் பயிரிடப்பட்டது கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் அதை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இத்தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர்.

துரைமாரின் பதிவுகள்

துரைமாரின் பெயர்கள் அச்சிலேயே கிடைக்கின்றன. பெர்குசன் இலங்கைக் கையேடு என்னும் ஆண்டு வெளியீடு தோட்டத்தின் பெயர், பரப்பு, உரிமையாளர், மேலாளர் ஆகிய விவரங்களைத் தந்தது. இலங்கையிலுள்ள ஐரோப்பியர் கல்லறை வாசகங்களை ஜே. பி. லூயிஸ் தொகுத்து 1913இல் வெளியிட்டார். தேவாலயப் பதிவேடுகளும் உண்டு.

தொழிலாளியின் பெயர் இவற்றில் இல்லை. அது தோட்டத்தின் செக்ரோலில் மட்டுமே இருந்தது. 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் கைமாறியதால், பழைய செக்ரோல்கள் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

தொழிலாளர் குடும்பத்தின் ஆவணங்கள்

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்க வேண்டும். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று.

உரிமையைப் பறித்த இந்த நடைமுறையே, குடும்பத்தின் பெயர்களைக் காகிதத்திலும் ஏற்றியது. எனவே தேடலை வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாவது, இந்தியக் கடவுச்சீட்டு. இதில் பிறந்த இடத்தையும் உடன் வந்தவர்களையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, தாயகம் திரும்பியோருக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டை. மூன்றாவது, தோட்டப் பிறப்புச் சான்றிதழ். தோட்டத்தில் நிகழ்ந்த பிறப்பு இறப்புகளை மேலாளர் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், பெற்றோர் பெயர் இதில் கிடைக்கும். சில வீடுகளில், ஆள் சேர்த்தபோது கொடுத்த தகரச் சீட்டும் இருக்கலாம். அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் தோட்டத்தைக் குறிப்பவை.

தோட்டப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரும் பதிவேட்டிலுள்ள ஆங்கிலப் பெயரும் பெரும்பாலும் வேறுபடும். பாட்டி சொல்லும் பெயர் வரைபடத்தில் இல்லை என்பதால் அது தவறென்று கொள்ளக் கூடாது. அருகிலிருந்த ஊர், ரயில் நிலையம், ஆறு ஆகியவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் தோட்டத்தை அடையாளம் காணலாம்.

தோட்டத்திலிருந்து ஊருக்கு

தோட்டம் தெரிந்த பின் கேட்க வேண்டியது கங்காணியின் பெயர். கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் உறவினரிடையிலும் ஆள் சேர்த்தனர். ஆகவே நம் குடும்பத்தின் ஊர் தெரியாவிட்டாலும், கங்காணியின் ஊரும், அதே லயத்தில் வாழ்ந்தவர்களின் ஊரும் வட்டாரத்தைக் காட்டிவிடும்.

1984 வரை தலைமன்னார்–இராமேசுவரம் கப்பலில் வந்தவர்களில் அன்று இளைஞராக இருந்தோர் இன்று முதியவர்கள். அவர்களிடம் ஊரோடு குலதெய்வத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ளன. அவற்றுள் நம்முடையது எது என்பதைப் பல குடும்பங்களுக்குக் குலதெய்வக் கோயிலே காட்டித் தரும்.