குடம் உயர்ந்த ஊரில் கூரை திறக்கும் வேன்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919இல் வெட்டியது ஒன்று. அதைத் திருத்தி 921இல் வெட்டியது மற்றொன்று. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பகுதிகளிலிருந்து, வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை இவை சொல்கின்றன. அதில் அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு. பெயர் எழுதிய ஓலைகள் போட்ட குடத்தை, நம்பிமார் என்ற கோயில் பூசகர்களில் மூத்தவர், கூடியிருக்கும் அத்தனை பேர் கண்ணிலும் படும்படி தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். விவரமறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான தேர்தல்தான் அது. ஆனாலும் நடப்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதில் ஊர்ச் சபை கறாராக இருந்தது.

அன்று குடத்தைத் தூக்கினார்கள். இன்று தலைவரையே தூக்க வேண்டியிருக்கிறது.

வயதுவந்த அனைவருக்கும் வாக்கு என்று ஆன 1951-52 பொதுத் தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக் கேட்க வருபவர் ஊர் ஊராகப் போயாக வேண்டும். உத்திரமேரூர் போன்ற தொகுதியில் ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும். திறந்த ஜீப் வெயிலுக்கும் மழைக்கும் ஆகாது. கூட்டம் சேர்ந்துவிட்டால் பின்வரிசைக்கு முகமும் தெரியாது. அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் பிரசார வேன்.

தென்னிந்தியாவில் இதற்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தவர் என்.டி.ராமராவ். 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியவர், பழைய செவர்லே வேன் ஒன்றைப் பிரசார வண்டியாக மாற்றி, ‘சைதன்ய ரதம்’ என்று பெயரிட்டு, ஆந்திரம் முழுக்கச் சுற்றினார். வண்டிக் கூரையே மேடை. 1983 ஜனவரியில் ஆட்சி அவர் கைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் இந்த வேலையில் கை தேர்ந்தவை கோவைப் பட்டறைகள். வேனின் கூரையை வெட்டி நகரும் மூடி வைப்பார்கள். உள்ளே தரையில் கத்தரிக்கோல் போல மடங்கி விரியும் கால்களின் மேல் ஒரு பலகை. பொத்தானை அழுத்தினால் மின்மோட்டார் பம்பை ஓட்டும், பம்ப் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும், பலகை மெல்ல எழும். விரலை எடுத்தால் அங்கேயே நிற்கும். உச்சியைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்க லிமிட் சுவிட்ச் உண்டு. மின்சாரம் போனால் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி இறக்க ஒரு வால்வு. முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் சக்கர நாற்காலியில் இயங்கிய கருணாநிதி, இப்படி லிஃப்ட் பொருத்திய வேனின் துணையோடுதான் முதுமையிலும் கூட்டங்களுக்குப் போனார்.

ஐரோப்பாவின் முகாம் வேன்களிலும் கூரை எழும். இங்கிலாந்தின் டார்மொபைல், ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா வண்டிகளில் அதைக் கையால் தள்ளித் தூக்கினார்கள். பின்னாளில் ஃபோக்ஸ்வாகனின் ‘கலிபோர்னியா’ வேனில் அந்த வேலையை மோட்டாரும் எண்ணெய் அழுத்தமும் எடுத்துக்கொண்டன. ஆனால் அது தூங்குவதற்கான கூரை. மூடிப் பூட்டாமல் வண்டியைக் கிளப்பக் கூடாது. நம் ஊர் வேனோ கூரையைத் திறந்துவைத்து, தலைவரை நிற்கவைத்தபடியே ஊர்ந்து போக வேண்டும். அதனால் கைப்பிடிக் கம்பிக்கும் ஓட்டுநரின் நிதானத்துக்கும் இங்கே மதிப்பு அதிகம். ஒரு சடன் பிரேக் போதும், மேலே நிற்பவர் முன்னால் சாய்ந்துவிடுவார்.

வண்டியை இப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். தேர்தல் ஆணையமும் ஒலிபெருக்கி முதலான வெளிப்புற மாற்றங்களை அந்தச் சட்டத்துக்கு உட்பட்டே ஏற்கிறது. வேட்பாளர் பயன்படுத்தும் வண்டியின் செலவு அவர் கணக்கில் ஏறும்.

சட்டம் வண்டியைப் பார்க்கிறது. வண்டியைச் சுற்றி நிற்பவர்கள்? 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய்யின் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். பிரசாரப் பேருந்தின் மேல் நிற்பவரைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். இனி வேனுக்கு அனுமதி கேட்கும் கட்சிகள், அது நிற்கப்போகும் முச்சந்தியில் எத்தனை பேர் நிற்க முடியும் என்பதையும் எழுதித் தரட்டும். பார்க்கப் போகிறவர்களும் குழந்தைகளை வண்டிக்கு அருகே கொண்டு போகாமல், தெருவின் அகலமான பக்கத்திலேயே நிற்கட்டும்.