பெயரில்லாத் தூரிகைகள்

காக்காய்ப்பொன் என்று நாம் வழங்கும் அப்பிரகத் தகட்டில் வண்ணம் தீட்டி ஆங்கிலேயருக்கு விற்கும் தொழில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் செழித்திருந்தது. தொழிலாளர், பணியாளர், தெய்வ உருவங்கள் எனத் தொகுதி தொகுதியாக விற்பனையாயின. கண்ணாடி போன்ற அத்தகட்டை ஒரு படத்தின்மீது வைத்தால் அடியிலுள்ள கோடுகள் புலப்படும். அவற்றின்மேல் வரைந்துகொள்வது எளிது. முதன்முதல் வரைந்த கைக்குரியவர் அதற்கு இசைந்தாரா? அவரிடம் கேட்டவர்தாம் உண்டா?

அதே ஊருக்கு 1858இல் லின்னேயஸ் டிரைப் வந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகிய அவர் திருவரங்கத்தையும் மலைக்கோட்டையையும் படம்பிடித்தார். சம்பளத்துக்குச் செய்த வேலைதான். படங்களும் அரசாங்கத்தைச் சேர்ந்தவை. எனினும் அவர் பெயர் படங்களோடு நிலைத்துவிட்டது. ஆட்சியாளரின் இனத்தவர் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

தம் படைப்பைப் பிறர் விலையின்றி எடுத்தாள விடுவதா என்பதை ஓவியரே முடிவு செய்ய இன்று வழியுண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 21ஆம் பிரிவின்படி, உரிமையைத் துறக்க இடமளிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பொது அறிவிப்பே அதற்குப் போதும். நாம் பெரிதாக மதிப்பது 57ஆம் பிரிவையே. பதிப்புரிமையை முழுவதும் பிறருக்கு எழுதிக் கொடுத்த பின்னரும், ‘இது என் படைப்பு’ என்று உரைக்கும் உரிமை படைத்தவரை விட்டு நீங்காது. உவந்து கொடுப்பவர் பொருளைக் கொடுக்கலாம். பெயரையும் சேர்த்து இழக்க வேண்டியதில்லை.

இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அப்பிரக ஓவியங்களுக்கு இச்சட்டம் காலங்கடந்து வந்தது. அங்கே வரைந்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் காணப்படுவது திருச்சிராப்பள்ளி என்னும் ஊர்ப்பெயர் மட்டுமே.