தாமாகத் தெரிந்தெடுத்தவர்கள்

காலை வணக்கத்தில் இரட்சிப்பின் சந்தோஷத்தைப் பற்றி நாம் பாடாத வாரம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே உட்துறைமுகம் தெரியும். பாடியவர்களில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். அந்தச் சந்தோஷத்தை நமக்கு முன் படித்த பெண்கள் எப்படித் தெரிந்தெடுத்தார்கள் என்று அன்று நான் யோசித்ததில்லை. எங்கள் கல்லூரியின் வரலாற்றை இந்த மலரில் வேறு சகோதரிகள் எழுதுவார்கள். நான் அதற்கும் முந்திய கதையைத் தொடுகிறேன்.

1814 ஜூன் 29-இல் வெஸ்லியன் மிஷனரிமார் ஐவர் காலியில் இறங்கினர். அவர்களில் வில்லியம் ஆல்ட் நமது கீழ்க்கரைக்கு, மட்டக்களப்புக்கு வந்தார். மனைவியைக் கப்பற் பயணத்திலேயே பறிகொடுத்தவர். மறு ஏப்ரலில் தாமும் இறந்தார். அந்தச் சில மாதங்களுக்குள் பள்ளிகளைத் தொடங்கிவிட்டிருந்தார். பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை அதற்குப் பத்து வருடங்களின் பின், 1824-இல், யாழ்ப்பாணத்து உடுவிலில் பிறந்தது. தொடங்கியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். இலங்கைத் தமிழ்ப் பெண்கல்விக்கு அதுவே தாய்வீடு.

பெற்றோர் இலகுவில் அனுப்பவில்லை. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்ற எண்ணம் ஒரு பக்கம், யார் சமைத்ததைச் சாப்பிடுவது என்ற சாதிக் கவலை மறுபக்கம். மிஷன் உணவும் உடையும் கொடுத்தது. படிப்பு முடியும்வரை நின்ற பிள்ளைகளுக்குச் சிறு சீதனமும் கொடுத்தது. இங்கேதான் சங்கடமான கேள்வி வருகிறது. உத்தியோகத்துக்காகவும் பணத்துக்காகவும் மதம் மாறுகிறார்கள் என்று ஆறுமுக நாவலர் சாடினார். பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தவர் அவர். மிஷனை உள்ளிருந்து அறிந்தவர். ஆகையால் அந்தக் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க என்னால் முடியவில்லை.

ஆனால் எலிசா அக்னியூ அம்மையாரின் கதையும் உண்டு. எட்டு வயதில் நியூயோர்க்கில் ஒரு பூமிசாஸ்திர வகுப்பில் மிஷனரியாவதென்று மனதுக்குள் முடிவெடுத்தவர். பெற்றோர் காலமாகும்வரை பொறுத்திருந்து, 1840-இல் யாழ்ப்பாணம் வந்தார். ஒரு தடவையேனும் ஊர் திரும்பவில்லை. உடுவிலில் தாய்க்கும் மகளுக்கும் பேத்திக்கும் படிப்பித்து 1879-இல் ஓய்வு பெற்றார். நாவலர் மறைந்ததும் அதே வருடம். 1883-இல் அம்மையார் இந்த மண்ணிலேயே கண்மூடினார். ‘ஆயிரம் பெண்மக்களின் தாய்’ என்று அவரைச் சொல்வார்கள். அவரிடம் படித்த ஏறக்குறைய ஆயிரம் பேரில் 600-க்கு மேற்பட்டோர் கிறிஸ்துவை ஏற்றனர் என்பது வழமையாகப் பெருமையோடு சொல்லப்படும் கணக்கு.

எனக்கோ மீதி நானூறு பேர் மேல்தான் கண் போகிறது. அவர்களும் அதே சோற்றை உண்டு, அதே ஜெபத்தில் முழந்தாளிட்டு, தங்கள் சமயத்தோடேயே வீடு திரும்பினார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் நாங்கள் சம்மதக் கையொப்பம் வாங்குகிறோம். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமில்லாவிட்டால் அந்தக் கையொப்பத்துக்குப் பெறுமதி இல்லை. நானூறு பேருக்கு அந்த இடம் இருந்தபடியால்தான் அறுநூறு பேரின் ‘ஆம்’ என்பதை நான் நம்புகிறேன். சிலர் சீதனத்தை நினைத்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து எல்லாவற்றையும் பிறர் முடிவுசெய்த காலத்தில், என் மீட்பர் இவர் என்று ஒரு பெண் தானே சொல்வது சீதனத்துக்குள் அடங்கும் காரியமா? அவளுடைய சந்தோஷத்தில் அந்தச் சுதந்திரமும் கலந்திருந்திருக்க வேண்டும்.

எங்கள் வகுப்பிலும் இரண்டு விதமும் உண்டு. ஒருத்தி இன்றும் வெள்ளி தவறாமல் கோணேசர் கோயிலுக்குப் போகிறாள். எங்கள் வட்ஸ்அப் குழுவில் பழைய கீர்த்தனையைப் பாடி அனுப்புவதும் அவளே. இன்னொருத்தி பள்ளியில் வாய் திறந்து பாடாதவள். வேலைக்குப் போய்ச் சில வருடங்களின் பின், ஒருவரும் கேளாமலே, ஞானஸ்நானம் பெற்றாள். அன்று அவளுடைய அம்மா திருநீறும் பொட்டுமாக வந்து கடைசி வாங்கில் இருந்தார். ஆராதனை முடிந்ததும் மகளின் ஈரத் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டிவிட்டார்.